இன்னொருத்தி அளவு

இதோ நகரம், நவம்பர் 12

மினேகோ அக்காவுக்கு,

ஹருனா எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் அதுவே பெரிது. போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். கடிதம்தான் மிச்சம்.

பிப்ரவரியில் நாங்கள் உங்கள் ஊருக்கு வருகிறோம். கடையின் புது டிரைசூட்டை, சொட்டுத் தண்ணீர் புகாது என்று விற்கும் அந்த முக்குளிப்பு உடையை, மிதந்து வரும் பனிக்கட்டிக்கு அடியில் படமெடுக்க வேண்டுமாம். முக்குளிப்புப் பத்திரிகையிலிருந்து சேனோ என்பவர் கூட வருகிறார். படமெடுக்கப் போவது அவர்தான், தோரு. சூட்டைப் போட்டுக்கொண்டு நிற்கப்போவது நான். ரவுசுவில் பனிக்கடியில் கூட்டிப்போகும் வழிகாட்டி நீங்கள்தான் என்று சேனோ சொல்லித்தான் தெரியும். வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லையாம்.

இத்தனை வருஷம் டிரைசூட் தைக்கிற கடையில் இருந்தும் எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில்லை. கடையில் கிடந்த எதையாவது மாட்டிக்கொண்டு இங்கே ஃபுதோ கடலில் இறங்கியதுதான். பனிக்கடியில் எது நல்லது? தடித்த நுரை ரப்பரா, மெல்லிய துணியில் தைத்ததா? கழுத்து எவ்வளவு இறுக்கமாக இருக்கலாம்? அவரிடம் கேட்டால் "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்கிறார். நம் கடையில் அந்தத் தண்ணீரில் இறங்கியவர் நீங்கள் ஒருவர்தான்.

பயமாக இருக்கிறது அக்கா. அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

கமலா ஆரஞ்சு ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஹருனா

*

ரவுசு, நவம்பர் 24

ஹருனா,

அக்கா என்று எழுதாதே. எனக்குத் தங்கை கிடையாது.

முகமூடிக் கண்ணாடி மங்காமல் இருக்க எச்சில் துப்பித் தேய்க்க உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். தண்ணீரைக் கண்டாலே நடுங்கிய உன் கையைப் பிடித்து ஃபுதோ பாறையோரம் நாள் கணக்காகக் கூட்டிப்போனதும் நான். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து டீ கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கடல் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் கை கடைசியில் யார் புருஷனைப் பிடித்தது என்று உனக்கும் தெரியும், இதோ ஊருக்கும் தெரியும். எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்கிறாய். தேர்ந்தெடுப்பதில் நீ கெட்டிக்காரியாயிற்றே. என் வீட்டுக்குள் வந்து என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தே தேர்ந்தெடுத்தாயே.

பனிக்கடியில் எது நல்லது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவன் கொடுப்பதைப் போட்டுக்கொள். அவன் கொடுத்த மற்றதையெல்லாம் போட்டுக்கொண்டாய் அல்லவா.

பிப்ரவரியில் வா. வேலை என்றால் வேலை, பனிக்கடியில் இறங்குகிறவரைக் கட்டும் கயிற்றைப் பிடிக்கிறேன். பயப்படுகிற ஆளைப் பனிக்கடியில் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

ஆரஞ்சை நரிகளுக்குப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு அதுகளும் போய்விட்டன.

சதாகே மினேகோ

*

இதோ, டிசம்பர் 5

மினேகோ சானுக்கு,

இனி அக்கா இல்லை, மரியாதைக்கு 'சான்' மட்டும். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் செய்தது தப்பு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒருத்தர்தான் அந்த வீட்டில் அடிபட்டவர் மாதிரி எழுதுகிறீர்கள். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போய்விட்டீர்கள். நான் இங்கேயே இருக்கிறேன். உங்களுக்கு என்ன கொடுத்தாரோ அதைத்தான் எனக்கும் கொடுக்கிறார். மிச்சம் மீதியோடு.

அவர் உங்களைப் பற்றிச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், நல்லவளாக நடித்து என்ன ஆகப்போகிறது. வழிகாட்டி நீங்கள்தான் என்று தெரிந்ததும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார். "வரட்டும், வரட்டும். பன்னெண்டு வருஷம் என் சூட்டைப் போட்டுட்டுத் திரிஞ்சவ. ஒரு நாளைக்கு என் கயிறைப் பிடிச்சுட்டு நிக்கட்டுமே" என்றார்.

சூட் தயாராகிவிட்டது. கறுப்பு நுரை ரப்பர். என்னை அளவே எடுக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், "உன் உடம்பு எனக்குத் தெரியாதா? டேப் எதுக்கு?" என்றார். வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். முட்டாள்.

போட்டுப் பார்த்தால் பாதம் இரண்டும் பை மாதிரித் தொங்குகிறது. இடது தோளில் அக்குளுக்குக் கீழே ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறது. வலது தோளில் இல்லை. கையைத் தூக்கினால் அந்தப் பக்கம் மட்டும் காற்று நிற்கிறது. பேட்டர்ன் வெட்டுகிற யாசுயி தாத்தாவிடம் இது என்ன என்று கேட்டேன். சிகரெட் பிடிக்கப் போய்விட்டார். தைக்கிற பெண்கள் எல்லாரும் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

போன வாரம் பயிற்சிக் குளத்தில் இறங்கினேன். சூட்டுக்குள் இருந்த காற்று முழுக்கக் காலுக்கு ஓடிவிட்டது. கால் மேலே, தலை கீழே. எவ்வளவு உதைத்தும் திரும்ப முடியவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தேன், அவர் கரையில் நின்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். போனில் படமும் எடுத்தார். தூக்கிவிட்டது யாசுயி தாத்தா. "கணுக்கால்ல பலம் இல்ல உனக்கு" என்று தோரு அன்று சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

இதைத்தான் பனிக்கடியில் போடப் போகிறேன். நீங்கள் விரும்பியபடி வேடிக்கை பார்க்கலாம்.

ஹருனா

*

ரவுசு, டிசம்பர் 15

ஹருனா,

உன் கடிதத்தில் அந்த முக்கோணத் துண்டு வந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் படகுக்காரர் இஷிதாதேயின் மனைவி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

அந்தத் துண்டு என் தோள். மிகோமோத்தோ தீவில் படகேறும்போது அலை அடித்து இடது தோள் கழன்றது. அதற்கப்புறம் அந்தக் கை பின்னால் போகாது. அதற்காக நானே அளந்து நானே வெட்டி வைத்த துண்டு அது. பாதமும் என்னுடையதுதான். என் பாதம் ஆம்பளைப் பாதம். "வாத்து" என்று கூப்பிடுவான், வாடிக்கையாளர் முன்னாலேயே. உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் சிரித்தாய்.

அவன் உன்னை அளக்கவில்லை. என் அளவுக்கு வரைந்து வைத்த பழைய பேட்டர்னை எடுத்து வெட்டியிருக்கிறான். என் இடத்துக்கு வர ஆசைப்பட்டாயே, இப்போது எனக்குள்ளேயே வந்துவிட்டாய். எப்படி இருக்கிறது உள்ளே? தாராளமாக இருக்கிறதா?

முதலில் எனக்கு வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. வரட்டும், பனியில் நான் வெட்டுகிற துளையில் இறங்கட்டும், பனிக்கடியில் தலைகீழாக ஒட்டிக்கொள்ளட்டும். குளமென்றால் யாசுயி தூக்கிவிடுவார். பனிக்கூரை தூக்கிவிடாது. இரண்டு நாள் அந்த நினைப்பே இனித்தது. அப்புறம் யோசித்தேன். உனக்கு ஏதாவது ஆனால் அவன் என்ன செய்வான்? சாவு வீட்டுக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைப்பான். எல்லாரும் தோளைத் தட்டிக் கொடுப்பார்கள். அந்தச் சுகத்தை அவனுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

அதனால் சொல்கிறேன். அந்தச் சூட்டைப் போட்டுக்கொண்டு இங்கே வராதே.

பனிக்கடித் தண்ணீருக்கு நுரை ரப்பரும் போதும், துணியும் போதும், அளவு சரியாக இருந்தால். எனக்குத் துணிதான் பிடிக்கும். சூட் தண்ணீரைத் தடுக்கும், உள்ளே போடுகிற கம்பளி குளிரைத் தடுக்கும், இரண்டுக்கும் தனித்தனி வேலை. கம்பளியைப் போட்டுக்கொண்டுதான் அளவெடுக்க வேண்டும். குந்த வேண்டும், இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் சிலிண்டர் வால்வைத் தொட வேண்டும். கவட்டை இழுக்காமல், கழுத்து இழுக்காமல் இதெல்லாம் முடிந்தால் அது உன் சூட். பாதம் கச்சிதமாக இருக்க வேண்டும், காலுக்குப் போகக் காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. கழுத்து ரப்பர் விரல் நுழைகிற அளவு. அதற்கு மேல் இறுக்கினால் தண்ணீருக்குள் கண் இருட்டும்.

அப்புறம் ஜிப். அவன் தைப்பதெல்லாம் முதுகுப் பக்கம் ஜிப் வைத்தது. நெஞ்சுப் பக்கம் அழகு கெடுமாம். முதுகு ஜிப்பை நீயாகப் போட முடியாது, நீயாகக் கழற்றவும் முடியாது. பன்னிரண்டு வருஷம் என் சூட்டை அவன்தான் மூடினான், அவன்தான் திறந்தான். சண்டை போட்ட அன்றைக்கு ஜிப்பைத் திறக்காமல் வேர்க்க வேர்க்கக் கடையில் அப்படியே உட்கார வைப்பான். உன்னை இன்னும் உட்கார வைக்கவில்லையா?

மினேகோ

*

இதோ, டிசம்பர் 27

மினேகோ சானுக்கு,

உட்கார வைத்திருக்கிறார். குளத்திலிருந்து வந்த அன்றே. வேறு யாருக்கும் அப்படி நடந்திருக்காது என்று நினைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன். அவர் கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த சூட்டோட தோள் யாரோட தோள்?"

"சூட்டோட தோள்தான்."

"மினேகோ சானோட தோள்."

முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "நல்ல பேட்டர்ன்மா அது. நம்ம கடையில அதைவிட நல்லது கிடையாது. நீ கொஞ்சம் அதுக்குப் பழகிக்கோ."

"துணிக்கு நான் பழகணுமா?"

"நல்லாச் சாப்பிடு. தோள் தானா நிறைஞ்சிரும்."

மறுநாள் யாசுயி தாத்தாவிடம் இதைச் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "பாதம் வளர என்ன சாப்பிடணும்னு கேட்டியா?" என்றார். அந்தக் கடையில் கல்யாணத்துக்கு அப்புறம் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

வேறு அளவில் ஒன்று தைத்துக் கொடுங்கள் என்று தோருவிடம் இன்னொரு முறை கேட்டேன். விளம்பரம் எல்லாம் அச்சாகிவிட்டதாம். "இருபது வருட அனுபவம் உங்கள் உடம்பின் மேல்" என்று போட்டிருக்கிறார்கள். அவருடைய அனுபவம், உங்களுடைய உடம்பு, நடுவில் நான்.

போகவில்லை என்றால் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வாராம். அந்த "வேறு பெண்" இப்போது வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள்.

எனக்கு ஒரு சூட் தைத்துத் தருவீர்களா? துறைமுகத்தில் வலை அறுக்க முங்குகிறவர்களுக்கு நீங்கள் தைக்கிறீர்கள் என்று யாசுயி தாத்தா சொன்னார். கூலி கொடுக்கிறேன். ஆனால் அதற்காக நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்றும் தெரியும். தோருவின் முகம் எப்படிப் போகும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹருனா

*

ரவுசு, ஜனவரி 6

ஹருனா,

சிரித்தேன். நீ சொன்னதால் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

தைக்கிறேன். பரிதாபம் என்று நினைத்துவிடாதே. இங்கே என் மேஜையில் துணியை விரித்தால் எனக்குத் தெரிவது உன் உடம்பு இல்லை, அவன் முகம்தான். கூலி வேண்டாம். நிபந்தனை இருக்கிறது. துளையோரத்தில், பத்திரிகைக்காரன் முன்னால், எங்கள் படகுக்காரர்கள் முன்னால் அதைப் போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டும். அதுவரை அவனுக்குத் தெரியக் கூடாது. யார் தைத்தது என்று கேட்டால் என் பெயரை, கல்யாணத்துக்கு முந்திய என் பெயரை, உரக்கச் சொல்ல வேண்டும். தொண்டை அடைத்தது, மறந்துவிட்டேன் என்றெல்லாம் கதை கூடாது.

யாசுயியை விட்டு அளவெடுத்து அனுப்பு. மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளிழுக்காதே, எல்லாப் பெண்களும் அதைத்தான் செய்கிறார்கள், அப்புறம் தண்ணீருக்குள் குனிய முடியாமல் தவிக்கிறார்கள். ஜிப் நெஞ்சுக்குக் குறுக்கே வரும். உன் கையாலேயே மூடுவாய். நிறம் நீயே சொல்.

மினேகோ

*

இதோ, ஜனவரி 14

மினேகோ சானுக்கு,

அவர் ஒசாகா போயிருந்த அன்று துணிக் கிடங்கில் வைத்து அளவெடுத்தோம். கம்பளி உள்ளுடை போட்டுக்கொண்டு வேர்த்துக் கொட்டியது. யாசுயி தாத்தா விடவில்லை. "குந்து. இன்னும் குந்து. கோழி முட்டை போடற மாதிரி." கையைத் தூக்கச் சொன்னார், முதுகைத் தொடச் சொன்னார், சப்பணம் போடச் சொன்னார். தொடை, முட்டிக்கு மேல், முட்டிக்குக் கீழ், கணுக்கால், கழுத்தின் அடி, கழுத்தின் நடு. என் உடம்பில் இவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நடுவில் ஒரு தடவை, "ரெண்டு பேரையும் அளந்தவன் நான் ஒருத்தன்தான். அளந்தேன்னு ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொல்லாதவனும் நான்தான்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அளவுகள் இத்துடன் இருக்கின்றன. என் வலது கால் இடதைவிட நீளமாம். இத்தனை நாள் செருப்புதான் மோசம் என்று நினைத்திருந்தேன்.

நிறம் சால்மன் முட்டை நிறம். சோற்றின் மேல் வைத்தால் பளபளவென்று இருக்குமே, அது. கடையில் கறுப்பைத் தவிர எதையும் தைக்க விடமாட்டார், "ரெஸ்க்யூ ஆளா நீ" என்பார். பனிக்கடியில் எங்கே இருந்தாலும் நான் தெரிய வேண்டும்.

ஹருனா

*

இதோ, மார்ச் 2

மினேகோ சானுக்கு,

அன்றைக்கு நீங்கள் கயிற்றைச் சுருட்டிவிட்டு யாரிடமும் பேசாமல் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதனால் இங்கே ஓடுகிற கதை உங்களுக்குத் தெரியாது.

நடந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியும். நான் உங்கள் கொட்டகையிலிருந்து நெஞ்சு ஜிப்பை நானே மூடிக்கொண்டு பனிமேல் நடந்து வந்தேன். சூட் என்மேல் இருக்கிற உணர்வே இல்லை. சேனோ இவரைப் பார்த்துக் கத்தினார், "அட! இதுதான் புது மாடலா கஜிவாரா சான்? என்ன கலர்யா!" இவர் வாயைத் திறந்தபடி நின்றார். பத்திரிகைக்காரன் முன்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் வரவில்லை. நான் உரக்கச் சொன்னேன், "தைச்சது சதாகே மினேகோ." இஷிதாதே தன் ஆட்களிடம், "நம்ம ஊர்ச் சரக்குடா!" என்று சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். இவர் என் காதருகில் வந்து "போய் மாத்திட்டு வா" என்று பல்லைக் கடித்தார். "ஹுட் காதை மூடியிருக்கு, ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அந்தக் கோபத்தில்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு குதித்தார். அன்றைக்கு உள்ளே புதிதாகத் தடித்த கம்பளி போட்டிருந்தார், அதற்குத் தக்கபடி, முங்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈயத்தைக் கூட்டவில்லை. நீங்கள் சொன்னீர்கள், "ஈயம் பத்தாது." "எனக்கு நீ சொல்லித்தர்றியா?" என்றார். இவருடைய கறுப்பு சூட் கல்யாண வயசில் வெட்டியது, வயிறு பெரிதாகியும் தன்னை அளந்துகொள்ளவே இல்லை. கழுத்து இறுகி முகம் முன்பே சிவந்திருந்தது. பின்னாலேயே நீங்களும் நானும் இறங்கினோம், அப்புறம் நடந்தது நடந்தது. கடைசியில் துடுப்பு கழன்ற வெறுங்காலோடு இவரைப் பனிமேல் இழுத்துப் போட்டார்கள். இஷிதாதே, "கடல்நாய்னு நெனச்சேன், மீசை இல்லையே" என்றார்.

இப்போது இவர் சொல்கிற கதை வேறு. கடைக்கு வருகிற எல்லாரிடமும், வெந்நீர்க் குளத்தில் சேர்ந்து குளிக்கிறவர்களிடமும் சொல்கிறார். "மினேகோவால என்னை மறக்க முடியல. தண்ணிக்குள்ள என்னைப் பாத்த பார்வை இருக்கே! முகமூடிக்குள்ள அழுதுட்டிருந்தா. அந்தக் கையாலதான் என்னை இழுத்துக் காப்பாத்துனா." என் சூட் கூட, முதல் மனைவி மனசார இரண்டாம் மனைவிக்குக் கொடுத்த ஆசீர்வாதமாம். சேனோ உருகிப்போய் எழுதுகிறார். அடுத்த இதழில் வரும். தலைப்பு, "பனிக்கடியில் பழைய காதல்."

கேட்கிறவர்கள் அவரை இப்போது முன்னைவிட மரியாதையாகப் பார்க்கிறார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சூட்டுக்கு ஆர்டர் கொடுத்தாள்.

ஹருனா

*

ரவுசு, மார்ச் 11

ஹருனா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு துறைமுகத்தில் இரண்டு சுற்று நடந்தேன். ஆறவில்லை.

அவனைப் பனிமேல் வெறுங்காலோடு பார்த்தபோது எனக்குப் போதும் என்று இருந்தது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதையும் பிடுங்கிக்கொண்டான். என் கோபத்தை எடுத்துக் காதல் என்று தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான், அதற்கும் என்னைத்தான் துணியாக வெட்டியிருக்கிறான்.

இதை அவனுக்கு வாசித்துக் காட்டு. வீட்டில் வேண்டாம். கடையில், சேனோ இருக்கும்போது, யாசுயியும் தையல் பெண்களும் கேட்க.

கஜிவாரா தோரு. நான் பார்த்ததைச் சொல்கிறேன். உன் காலுக்குக் காற்று ஓடியது. பூசணிக்காய் மாதிரி இரண்டு காலும் உப்பின. துடுப்புகள் கழன்று போயின. நீ தலைகீழாகப் போய்ப் பனிக்கூரையில் உள்ளங்காலை ஒட்டிக்கொண்டு தொங்கினாய். கேமரா உன் கழுத்திலிருந்து ஆடியது. வாயில் குழாய் இருந்தது, குமிழி வந்தது, அதனால் நீ மூச்சு விடுகிறாய் என்று தெரியும். உன் கயிறு என் கையில் இருந்தது. மூன்று முறை இழுத்தால் மேலே இஷிதாதே தூக்குவார்.

நான் இழுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ என்னைக் கண்டாய். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாய். பன்னிரண்டு வருஷத்தில் நீ என்னைக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்போதும் இழுக்கவில்லை. அந்தக் கும்பிடு எனக்கு இல்லை, கயிற்றுக்கு என்று தெரியும்.

உன் கண் செருக ஆரம்பித்ததும் இழுத்தேன். ஏன் தெரியுமா? செத்தவனுக்கு வெட்கம் கிடையாது. நீ உயிரோடு, வெறுங்காலோடு, எங்கள் ஊர் ஆட்கள் சிரிக்க வெளியே வர வேண்டும் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் காரணம்.

நான் அழவும் இல்லை. முகமூடிக்குள் அழுதால் கண்ணாடி மங்கிவிடும். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

இவ்வளவுதான். மாற்றாமல் வாசி.

மினேகோ

*

நுமாசு, மார்ச் 23

மினேகோ,

வாசித்தேன்.

சேனோ அச்சுக்குப் போகும் முன் காட்டுவதற்காகக் கட்டுரையைக் கொண்டுவந்திருந்தார். தோரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயர் வருகிற இடத்தையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரவுசுலேருந்து பதில் வந்திருக்கு, வாசிக்கவா?" என்றேன். முகம் மலர்ந்தது. "வாசி, வாசி. எல்லாரையும் கூப்பிடு" என்று அவரே சொன்னார். மெஷின்கள் நின்றன. வரவேற்பு மேஜைப் பெண் டீத்தட்டோடு வந்து நின்றாள்.

ஒரு சொல் மாற்றவில்லை. கும்பிட்ட இடம் வந்தபோது யாசுயி தாத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

முடித்ததும் அவன் சேனோவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"சும்மா எழுதறா. பொம்பளை ரோஷம். பாத்துட்டெல்லாம் நிக்கல, எல்லாம் கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுது. ஹருனாவும் பக்கத்துலதான் இருந்தா. நீயே சொல்லும்மா."

"பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன். "உங்க கயிறு எனக்கும் எட்டுச்சு. உங்க காலைப் புடிச்சுத் திருப்பி விட்டிருக்கலாம், எப்படித் திருப்பணும்னு எனக்கு நல்லாத் தெரியும். நான் கையைக் கட்டிட்டு இருந்தேன்."

சேனோ பேனாவை மூடிவிட்டார். அவன் என்னை மேலிருந்து கீழே பார்த்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படி ஒரு தடவை கூட அளந்து பார்த்ததில்லை. அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கட்டுரை வராது. சேனோ பாவம், தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார். வரவேற்பு மேஜைப் பெண் அடுத்த நாள் வேலைக்கு வரவில்லையாம், யாசுயி தாத்தா போன் பண்ணிச் சொன்னார். நான் அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டேன். துணிமணி ஒரு பை, சூட் ஒரு பை. இங்கே மீன் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறேன். துறைமுகத்தில் முங்குகிற வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் அதை நரிகளுக்குத்தான் போடுவீர்கள். அதனால் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, தூங்க விடமாட்டேன் என்கிறது. நீங்கள் அவன் கண் செருகியதும் இழுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் விழித்துக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் இழுத்தீர்கள்?

ஹருனா